மத்தவிலாசமும் கள்ளுண்ணாமையும்

நகைச்சுவை நூலொன்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எழும் வினா, அந்நூல் எதனை நோக்கி நகைக்கின்றது என்பதாகும். அடுத்து எழுவது, அந்நகையில் நாமும் பங்கு கொள்ளலாமா என்பது. முன்னைய வினா நூலைப் பற்றியது. பின்னையது நம்மைப் பற்றியது. முன்னதற்கு விடை கண்ட அளவிலேயே ஆராய்ச்சி முடிந்ததாகக் கருதுவார் பலர். பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நாடகத்திற்கு நேர்ந்ததும் இதுவே. அது சமயங்களின் சீர்கேட்டை எள்ளுவது என்று கூறி அமைந்தனர். அக்கூற்றுப் பிழையன்று, ஆயின் நிறைவுடையதும் அன்று. அந்நாடகத்தின் கருப்பொருள் கள். அதன் தலைமகன் குடியன். அது நிகழும் ஊர் காஞ்சி. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து, திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தோடு ஒப்பிட்டு நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலும் ஊரும்

மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஏறத்தாழ 600 முதல் 630 வரை, காஞ்சியிலிருந்து ஆண்டவன். மத்தவிலாசம் வடமொழியும் பிராகிருதமும் விரவிய ஓரங்க நாடகம். எள்ளி நகைக்கும் இவ்வகை நாடகத்தை வடநூலார் பிரகசனம் என்பர். நெடுங்காலம் அறியப்படாதிருந்த இந்நூலை 1917ஆம் ஆண்டில் த. கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் பதிப்பித்தார். மயிலை சீனி. வேங்கடசாமி இதனைத் தமிழிற் பெயர்த்தளித்தார். காஞ்சிக்கு அணித்தாயுள்ள மாமண்டூர்க் குகைக் கல்வெட்டிலும் இந்நாடகத்தின் பெயர் காணப்படுகின்றது. மத்தவிலாசன் என்பது மன்னன் தனக்கே சூட்டிக்கொண்ட விருதுப் பெயர்களுள் ஒன்று என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

நாடகத்தின் கதை சிறிது. சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் கள்வெறியிற் காஞ்சித் தெருக்களில் வருகின்றான். கள்ளுக்கடையை அடைந்தபின், தன் மண்டையோட்டுக் கலம் காணாமற் போனமையை உணர்கின்றான். அதில் வாட்டிய இறைச்சி இருந்தது; ஆகவே அதனை நாய் கவர்ந்திருத்தல் வேண்டும், அல்லது புத்தத் துறவி கவர்ந்திருத்தல் வேண்டும் என்று துணிகின்றான். அவ்வழியே பிச்சை ஏற்று வரும் நாகசேனன் என்னும் துறவியை மடக்கிப் பூசலிடுகின்றான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகின்றான். இறுதியில், நாயொன்றினிடமிருந்து அக்கலத்தைப் பெற்ற பித்தன் ஒருவன் வர, கலம் உரியவன் கைக்கு மீள்கின்றது, பகை தீர்கின்றது, நாடகம் முடிகின்றது.

காபாலிகன் ஏகம்பத்தை இருப்பிடமாகக் கொண்டவன் என்று நாடகம் கூறும். ஏகம்பம் இன்றைய பெரிய காஞ்சிபுரத்தின் நடுநாயகமாக விளங்குவது. இன்று நாம் காணும் கோபுரமும் மண்டபங்களும் பிற்காலத்துப் பணிகள்; இடமும் பெயரும் பழையன. எனவே சத்தியசோமன் தள்ளாடிய தெரு எங்கோ கற்பனையில் உள்ள தெருவன்று. இன்றும் மக்கள் நடமாடும் தெரு.

இந்நிலத்திற்குக் கள் புதியதும் அன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியில் நறும்பிழி சமைக்கும் முறையை வகைபெற உரைக்கின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவுதலும், அகன்ற வாயையுடைய தட்டில் இட்டு ஆற்றுதலும், முளையை இடித்துக் கலத்தலும், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியச் சாடியில் முதிரவிடுதலும் ஆண்டுக் கூறப்படுகின்றன. பிறிதோரிடத்தில் கள் அடும் மகளிரும், அவர்கள் வட்டில் கழுவிய நீர் தேங்கிய சேறும், அச்சேற்றில் ஆடும் பன்றிக் குட்டிகளும் வருகின்றன. புலவர் கண்டது உழைப்பையும் விருந்தோம்பலையுமே. உண்டவன் நிலை என்னாயிற்று என்னும் வினா அப்பாட்டில் எழவில்லை. அதியமான் சிறிது கள் கிடைப்பினும் அதனைத் தமக்கே தருவான் என்று ஔவையார் நினைந்து இரங்கும் புறப்பாட்டும் இத்தகையதே. சங்கப் பாடல்களிற் கள் ஈகையின் அடையாளம். அவ்வடையாளம் கேள்விக்கு உள்ளாவது அற நூல்களில். நகைக்கு உள்ளாவது மத்தவிலாசத்தில்.

2. காபாலிகனின் தருக்கம்

குடியனை மேடையேற்றும் நாடகங்கள் பெரும்பாலும் அவன் தள்ளாட்டத்தையும் குழறுதலையும் காட்டி நகை விளைவிப்பன. மகேந்திரவர்மனும் அவற்றை விட்டானல்லன். ஆயின் அவன் நகையின் வேர் வேறிடத்து உள்ளது. சத்தியசோமன் நாக்குழறுபவன் மட்டும் அல்லன். இடையறாது தருக்கம் பேசுபவன். அவன் செய்யும் ஒவ்வொன்றிற்கும் ஒரு காரணம் வைத்திருக்கின்றான்.

சமணரைப் பற்றிய அவன் வாதம் காண்க. காரியம் காரணத்தை ஒத்திருக்கும் என்பது அவர்தம் கொள்கையாயின், துன்பமாகிய நோன்பினின்று இன்பமாகிய பேறு எவ்வாறு விளையும் என்று அவன் வினவுகின்றான். அவர்தம் சொல்லைக் கொண்டே அவரை மடக்கிவிட்டதாக மகிழ்கின்றான். மகிழ்ந்ததோடு அமையாது, அவர் பெயரைச் சொன்ன வாயைக் கள்ளாற் கழுவவேண்டும் என்கின்றான். தருக்கம் முழுவதும் ஒரு கிண்ணம் கள்ளுக்கு வழிகோலியமை காணலாம்.

கள்ளுக்கடையைக் கண்டவுடன் அவன் கூறும் வருணனை இன்னும் நுட்பமானது. அக்கடை அவனுக்கு வேள்விச்சாலையாகத் தோன்றுகின்றது. கடையின் கொடிக்கம்பம் யூபம், கள் சோமம், குடிப்பவர் வேள்வி வேட்கும் அந்தணர், வாட்டிய இறைச்சி அவி, வெறிப்பேச்சு யசுர், பாட்டுச் சாமம், நீர்வேட்கை தீ, கடைக்காரனே வேள்வித் தலைவன். உருவகம் ஒவ்வோர் உறுப்பிலும் பொருந்துகின்றது. பொருந்தும் அதனாலேயே அச்சம் தருகின்றது. தனக்குக் கேடு பயப்பதனைப் புனிதமாக்கிக் காட்டும் ஆற்றல் மனித அறிவிற்கு உண்டு என்பதே இவ்வுருவகம் நமக்கு உணர்த்துவது.

நாகசேனனும் இவ்வகையில் இளைத்தவன் அல்லன். மாடமும் மெத்தையும் நல்லுணவும் தம் அடியவர்க்கு இசைந்த பெருமான் மகளிரையும் மதுவையும் மட்டும் விலக்கியிருப்பாரா என்று அவன் ஐயுறுகின்றான். அவ்விதிகள் மூலநூலில் இருந்திருத்தல் வேண்டும். இளைஞர்மேற் பொறாமை கொண்ட முதிய தேரர்கள் அவற்றை நீக்கிவிட்டனர். திரிபு அடையாத மூலபாடம் எங்குக் கிடைக்கும் என்று அவன் ஏங்குகின்றான். ஏட்டாராய்ச்சி செய்வோர் இப்பகுதியைப் படிக்குங்கால் சற்றுத் தம்மையும் நோக்கிக்கொள்ளுதல் நலம். வேட்கை முன்னே சென்று தான் விரும்பும் பாடத்தை முடிவு செய்துவிட, ஆராய்ச்சி அதன்பின் ஓலை சுமந்து செல்லும் நிலையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய நூல் பிறிதொன்று இல்லை எனலாம்.

இவற்றினும் சிறந்த இடம் நாடகத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. சத்தியசோமன் வெறியால் நாத்தவறித் துணைவியின் பெயரை மாற்றிச் சோமதேவை என்று விளித்துவிடுகின்றான். அவள் ஊடுகின்றாள். தவறு தன்னதன்று, கள்ளினது என்று அவன் உரைக்கின்றான்; இன்றுமுதற் கள்ளைக் கைவிட்டேன் என்று உறுதியும் கூறுகின்றான். உடனே தேவசோமை பதறி அவன் அடிகளில் வீழ்ந்து, என்பொருட்டு நோன்பை முறித்துத் தவத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டா என்று வேண்டுகின்றாள். அவனும் மகிழ்ந்து இசைகின்றான். உறுதிமொழி பிறந்து மடிவதற்கு இடையே சில சொற்களே உள்ளன. குடியை விடுதலே நோன்பு என்பது உலகவழக்கு. இங்குக் குடித்தலே நோன்பு, விடுதலே நோன்பிற்கு இழுக்கு. குடியன் ஒருவனைச் சுற்றியுள்ளாரும் நாளடைவில் அவன் மொழியையே பேசத் தலைப்படுவர் என்னும் உண்மை இதிற் புதைந்துள்ளது.

திருமூலர் திருமந்திரத்தின் முதற்றந்திரத்திற் கள்ளுண்ணாமை என ஒரு பகுதி வகுத்து, வாமநெறியினரின் மதுப்பழக்கத்தை அங்குக் கடிந்துரைக்கின்றார். சமயத்தின் பெயரால் மதுவுண்ணுவார்க்கு அவர் சிவானந்தமே உண்மையான தேறல் என்று மறுமொழி தருகின்றார். திருமூலர் கடிந்த இடத்தில் மகேந்திரவர்மன் நகைத்தான். நோக்கிய பொருள் ஒன்று, மெய்ப்பாடு வேறு.

3. நகையும் அழுகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைக் கூறுகின்றார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலையும் பிறரால் தான் எள்ளப்படுதலையும் குறிக்கும் என்பது பேராசிரியர் உரையாற் பெறப்படும். மத்தவிலாசத்தில் இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்கின்றன. காபாலிகன் சமணரையும் புத்தரையும் எள்ளுகின்றான். அவையோர் அவனை எள்ளுகின்றனர். அவன் எள்ளுந்தோறும் தான் எள்ளப்படுவதனை அறியான். இவ்வறியாமையே பேதைமை. மடன் என்பதற்குப் பிறர் கொளுத்தியதனைக் கொண்டு, கொண்டதனை விடாமை என்று உரையாளர் பொருள் கூறுவர். சத்தியசோமனுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறில்லை. தன் கொள்கையை அவன் விடாது பற்றியிருப்பதும், தன் கலத்தை அவன் விட்டுவிட்டதும் ஒருங்கு நிகழ்கின்றன. கையிலிருந்த பொருள் காணாமற் போயிற்று. வாயிலிருந்த வாதம் மட்டும் போகவில்லை.

அதே மெய்ப்பாட்டியலில் நகையை அடுத்து வைக்கப்பட்டது அழுகை. அதற்கு நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடையவற்றையோ இழத்தல் இழவு. முன்னைய நிலையினின்று தாழ்தல் அசைவு. நுகர்வதற்கு ஒன்றும் இன்மை வறுமை. குடியால் ஒரு குடும்பத்திற்கு நேர்வன எவை என்று எண்ணிப் பார்ப்பார்க்கு இந்நான்கின் வரிசையே விடையாகும். மது பற்றித் தொல்காப்பியர் இதனைக் கூறினார் என்பதன்று நம் கருத்து. குடியனிடத்து நகையின் நான்கு களன்களும், அவன் இல்லத்தில் அழுகையின் நான்கு களன்களும் ஒருங்கு அமைகின்றன என்பதே நாம் கூற வருவது. நாடகாசிரியன் முன்னதனை எடுத்துக்கொண்டான், பின்னதனை எடுத்துக்கொள்ளவில்லை.

4. வள்ளுவர் காட்டும் வழி

கள்ளுண்ணாமையை வள்ளுவர் வைத்த இடம் முதலில் நோக்கத்தக்கது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறவியலில் வைத்தார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதிற்கும் இடையில் வைத்தார். புலால் மறுத்தல் துறவியின் நோன்பு. கள்ளுண்ணாமை நாட்டின் பொருள்நிலையோடும் அரசியலோடும் கூடியது என்பது இவ்வைப்பால் விளங்கும். பொருள் கொடுத்து அறியாமையை வாங்குவதாகக் குடியை அவர் குறிப்பதும் (925) இதனோடு இயையும். அது கொள்வனை, விற்பனை பற்றிய சொல்.

பரிமேலழகர் வைப்புமுறையின்படி இவ்வதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் ஒரு தொடர்ச்சியாக அமைகின்றன. மறைவிற் குடிப்பவரை உள்ளூரார் குறிப்பால் அறிந்து நகுவர் என்பது 927. குடித்தறியேன் என்னும் மறுப்பைக் கைவிடுக என்பது 928. வெறியில் உள்ளவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல் நீருள் மூழ்கினவனை விளக்குக்கொண்டு தேடுவதனை ஒக்கும் என்பது 929. தான் உண்ணாதிருக்கும் பொழுது வெறியில் உள்ள மற்றொருவனைக் காணுங்கால், தன் சோர்வும் இத்தகையதன்றோ என்று நினையானோ என்பது 930. ஊரார் நகை, குடியனின் மறுப்பு, அறிவுரையின் தோல்வி, காட்சியின் வெற்றி என இவை நிரல்படுகின்றன. குறள்களின் வைப்புமுறை உரையாசிரியர்தோறும் வேறுபடும் என்பதனை நாம் மறக்கவில்லை. எம்முறையில் வைப்பினும், 929ஆம் குறளும் 930ஆம் குறளும் கருத்தால் இணைந்த இரட்டையர் என்பது மறுக்கப்படாது.

இவ்விரண்டையும் மத்தவிலாசத்தோடு பொருத்துக. குடியனுக்குக் காரணம் காட்டுதல் பயனற்றது என்றார் வள்ளுவர். அது ஏன் பயனற்றது என்பதனை நாடகம் விளக்குகின்றது: அவனிடத்திற் காரணங்கள் முன்னமே நிறைந்துள்ளன. புதிதாக ஒன்றை வைப்பதற்கு இடமில்லை. எத்துணைக் காரணம் காட்டினும் அதனைத் தன் கலத்தில் ஏற்றுக் கள்ளாக மாற்றிவிடுவான். இனி, காண்டலே வழி என்பது 930. உண்ணாப் பொழுதில் உண்டவனைக் காணுதற்கு அவைக்களம் போன்ற இடம் வேறு யாது? நாடகம் காண வந்தவன் அந்நேரத்தில் தெளிந்திருக்கின்றான். மேடையில் தன் ஒப்பான் ஒருவன் வெறித்திருக்கின்றான். கண்டதனைக்கொண்டு காணாத தன் நிலையை உய்த்துணர்தலைக் கருதலளவை என்பர் உரைகாரர். மன்னன் குறளைக் கருதியே நாடகம் செய்தான் என்று கூறச் சான்றில்லை; அவ்வாறு கூறவும் வேண்டா. குறள் ஒரு வழியைக் கூறுகின்றது. நாடகம் அவ்வழியில் நடக்கின்றது. நகைநாடகத்தின் பயனுக்கு இரண்டடியில் ஓர் இலக்கணம் வேண்டுவார்க்கு 930ஆம் குறள் போதும்.

தெளிந்திருக்கும் பொழுது என்று வள்ளுவர் காலத்தை வரையறுத்தமையும் கருதத்தக்கது. குடிநோய்க்கு மருத்துவம் செய்வோரும் வெறி நீங்கிய பொழுதினையே உரையாடலுக்கு உரியதாகக் கொள்வர். அறிவுரையை அடுக்குதலினும், நோயாளி தன் நிலையைத் தானே கண்டு சொல்லச் செய்தலையே அவர்கள் பெரிதும் நம்புவர்.

நாணத்தைப் பற்றியும் இரு நூல்களும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன. கள்ளுண்பாரை நாண் என்னும் நல்லாள் புறங்காட்டி நீங்குவாள் என்பது குறளின் கருத்து (924). தேவசோமை கள்ளை நீட்டுங்கால் நாகசேனன் உள்ளத்தில் தடையாக நிற்பது விதியன்று, அறமன்று. பலர் காண்பர் என்னும் ஒன்றே. நாண் அவனைவிட்டு இன்னும் முற்றும் நீங்கவில்லை, வாயிற்படியில் நிற்கின்றாள்.

5. மேடையில் இல்லாத இல்லம்

இதுகாறும் நாடகத்தின் வலிமையைக் கூறினோம். இனி அதன் குறையைக் கூறுதல் முறை. சத்தியசோமனுக்கு இல்லம் இல்லை. தாய் இல்லை, மகவு இல்லை, அவன் கூலியை நம்பி உலைவைப்பார் எவரும் இல்லை. அவனுடன் உள்ளவளும் அவனோடு குடிப்பவளே. அவன் இழந்த பொருள் ஒரு மண்டையோடு, அதுவும் மீண்டுவிடுகின்றது. ஆகவே நாம் தடையின்றி நகைக்க முடிகின்றது. வள்ளுவரோ ஈன்ற தாயின் முகத்தைக் கொணர்ந்து நிறுத்துகின்றார் (923). தாய் முன்னும் வெறுக்கத்தக்கதாயின் சான்றோர் முன் என்னாம் என்பது அவர் வினா. எதனையும் பொறுக்கும் முகம் அது; அம்முகமும் வாடும் இடத்தில் நகைக்கு இடமில்லை. மத்தவிலாசத்துள் அத்தாயை ஒருகணம் நுழையவிட்டால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். இது நாடகத்தின் இழிவன்று, அதன் எல்லை.

மணிமேகலை இவ்வெல்லையைக் கடந்த காப்பியம். அதிலும் குடியன் ஒருவன் வருகின்றான். மலர்வனம் புக்க காதையிற் புகார்த் தெருவில் உண்ணாநோன்பியாகிய சமணத் துறவியை மடக்கி, எம்முடன் கள் உண்க என்று இரந்து பின்தொடரும் களிமகன் அவன். துறவியை வம்பிற்கு இழுக்கும் வெறியன் என்னும் இக்காட்சி மத்தவிலாசத்திற்கு நெருங்கிய உறவுடையது. ஆனாற் சாத்தனார் அத்துடன் அமைந்தாரல்லர். ஆதிரை பிச்சையிட்ட காதையில் இல்லத்தின் கதையையும் கூறினார். கணிகையாலும் சூதாலும் பொருளிழந்து மனைவியைப் பிரிந்தவன் சாதுவன். கலம் உடைந்து நாகர் மலையிற் கரை சேர்ந்தவன். குருமகன் இளநங்கையையும் கள்ளையும் ஊனையும் அளிக்க இசைந்தபொழுது அவற்றை மறுத்து, மயக்கும் கள்ளையும் கொலையையும் அறிவோர் நீக்கினர் என்கின்றான். கேட்ட குருமகன் நகைக்கின்றான். சாதுவன் சினவாமல் விளக்குகின்றான். இறுதியில் அவர்களால் இயன்ற அளவிற்கே அறம் வகுத்துத் தருகின்றான். கேட்பவன் நிலையறிந்து கூறிய அவ்வறம் ஏற்கப்பட்டது. இல்லத்திற் காத்திருந்த ஆதிரையிடம் அவன் மீண்டான்.

அவ்வாதிரை முதற்பிச்சை இட்ட அமுதசுரபி, காப்பியத்தின் பிற்பகுதியிற் காஞ்சியை அடைகின்றது. பசியால் வாடிய கச்சிமாநகரில் அது பலர்க்கும் உணவளிக்கின்றது. ஆக, காஞ்சியின் இலக்கியத்தில் இரு பிச்சைக்கலங்கள் உள்ளன. ஒன்று மணிமேகலை ஏந்தியது, கொள்ளக் குறையாதது, ஊருக்கு உரியது. மற்றொன்று சத்தியசோமன் தொலைத்தது. கள்ளும் ஊனும் ஏற்பது. அதன்பொருட்டு ஊர் பூசலிடுவது. ஒரு குடும்பத்தின் வருவாய் இவ்விரு கலங்களுள் எதனுள் விழுகின்றது என்பதே குடி பற்றிய வினாவின் சாரம்.

6. இற்றை நிலையும் இலக்கிய மதிப்பீடும்

இவ்வினா பழைய ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 அகவைக்கு மேற்பட்ட ஆடவருள் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துபவர், மகளிருள் 0.3 விழுக்காட்டினரே. குடிப்பவர் நால்வருள் ஓர் ஆடவர். அதன் பயனை நுகர்வோர் அனைவரும் என்பது இவ்விரு எண்களின் பொருள். 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் 10 முதல் 75 அகவை வரையுள்ளோருள் 14.6 விழுக்காட்டினர் மதுவையும் 2.8 விழுக்காட்டினர் பாங்கு, கஞ்சா முதலியவற்றையும் பயன்படுத்துவோர் என்று கண்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் மதுவால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 26 இலட்சம்.

தமிழகத்தின் மதுவிலக்கு வரலாறோ சத்தியசோமனின் உறுதிமொழியை நினைவூட்டுவது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. காஞ்சியிற் பிறந்த அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த 1967-69இலும் அது நீடித்தது. 1971இல் நீக்கப்பட்டது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அரசின் வாணிகக் கழகம் தோன்றியது. 1987இல் கள்ளும் சாராயமும் தடுக்கப்பட்டன. 2003 முதற் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கையில் வந்தது. மது கேடு என்னும் எச்சரிக்கை குப்பியிலேயே அச்சிடப்படுகின்றது. விலைக்கு விற்கும் கையே விலக்கும் சொல்லையும் எழுதுகின்றது. வருவாய் என்பதும், விலக்கினாற் கள்ளச்சாராயம் பெருகும் என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். இரண்டாவது காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே அக்கேடும் நேர்ந்தது என்பதனையும் கூறல் வேண்டும்.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். செங்கல்பட்டு மாவட்டம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் அவ்வாறே இறந்தனர். மெத்தனால் உடலுட் புகுந்தபின் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தோரும் கண்ணிழத்தல் உண்டு. கள்ளுண்பார் எஞ்ஞான்றும் நஞ்சுண்பாரே என்னும் குறளின் கருத்தை (926) உவமை என்று நாம் பாடம் சொல்லி வந்தோம். இவ்வூர்களில் அது உவமையாக இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை ஒன்று கூறலாம். இது நெசவூர். நெசவாளரிடத்துக் குடி மிகுதி என்பது நம் கூற்றன்று. ஆனால் இவ்வூரில் இல்லமே தொழிற்கூடம். தறிக்குழியிற் கால் மிதிக்க, கை நாடாவை எறிய, கண் பாவைக் காக்க, மூன்றும் ஒத்து நடந்தாலன்றிப் பட்டு உருவாகாது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்படுதலின் உடனிருந்து உதவ மற்றொருவரும் வேண்டும். நெய்த சேலைக்கே கூலி. நாட்பட்ட குடியர்க்கு மது கிட்டாதபொழுது கைநடுக்கம் காணும் என்பது மருத்துவர் அறிந்தது. கை நடுங்கும் வீட்டில் தறி நிற்கும். தறி நின்றால் உடனிருப்பவர் உழைப்பும் நிற்கும். காபாலிகனின் கேடு அவன் கலத்தோடு நின்றது. இங்கு ஒருவன் கேடு ஒருவனோடு நில்லாது.

முடிவு

மத்தவிலாசம் சமயங்களை எள்ளும் நூல் மட்டும் அன்று; கேட்டிற்குக் காரணம் கற்பிக்கும் அறிவை எள்ளும் நூல். அவ்வகையில் அது கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு அமைந்த காட்சி விளக்கமாகத் தகும். ஆயினும் இல்லத்தை மேடைக்குப் புறத்தே நிறுத்தியமையால், குடியின் பாதியையே அது காட்டியது. மறுபாதியைக் குறளின் தாயும் மணிமேகலையின் ஆதிரையும் காட்டுகின்றனர்.

இதனால் ஒரு திறனாய்வு நெறியும் பெறப்படும். குடியனை நகைப்பொருளாக்கும் நாடகங்களும் திரைப்படங்களும் இன்று பல. அவற்றை மதிப்பிடுங்கால் இரண்டு கேள்விகள் கேட்டல் வேண்டும். நகை அவன் தள்ளாட்டத்தின்மேல் விழுகின்றதா, அவன் தருக்கத்தின்மேல் விழுகின்றதா? நகைத்து முடித்தபின் தெளிந்திருப்பவன் தன்னை நினைக்கின்றானா? முதற்கேள்விக்குத் தள்ளாட்டமே விடையாயின் அந்நகை ஊரார் நகை. அது குடியனை மறைவிற் குடிக்கச் செய்யுமேயன்றி நிறுத்தச் செய்யாது. இரண்டாங் கேள்விக்கு ஆம் என்பது விடையாயின் அந்நகை வள்ளுவர் விரும்பிய காட்சி. மகேந்திரவர்மன் முதற்றேர்வில் முழுவதும் வென்றான். இரண்டாந் தேர்வின் முடிவு அவன் கையில் இல்லை, அவையிற் தெளிந்திருக்கும் நம் கையில் உள்ளது.